வயிற்றுக் கட்டிக்குப் பெயர் கிடைத்த வரலாறு

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசிய உரையை, நேரமின்மையால் அங்கே சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து, இந்தப் பக்கத்திற்காக எழுதித் தருகிறேன்.

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள்தாம் எழுகின்றன. ‘ஆபரேஷன் செய்ய முடியுமா?’ என்பது ஒன்று. ‘இன்னும் எவ்வளவு காலம்?’ என்பது மற்றொன்று. முதல் கேள்வியை மருத்துவரிடம் கேட்கிறோம். இரண்டாவது கேள்வியை மருத்துவமனை நடைவழியில், நோயாளியின் காதில் விழாமல், மெல்லிய குரலில் கேட்கிறோம். ஆனால், இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை நம்மில் பலர் கேட்பதே இல்லை. ‘இந்தக் கட்டியின் பெயர் என்ன?’

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். வயிற்றில் வரும் அரிய கட்டி ஒன்றின் வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். ஏறத்தாழ 60 ஆண்டுகள் அந்தக் கட்டி தவறான பெயரோடு வாழ்ந்தது. அந்தக் காலம் முழுவதும் அதற்கு மருந்தே இல்லை. சரியான பெயர் கிடைத்த இரண்டே ஆண்டுகளில் மருந்து கிடைத்தது. நான் மருத்துவர் அல்லேன். மக்கள் தொடர்புத் துறையில் படித்து, தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர். ஆகவே, இதை மருத்துவ ஆலோசனையாக அன்றி வரலாறாகப் படியுங்கள்.

அந்தக் கட்டியை மருத்துவர்கள் ‘ஜிஸ்ட்’ என்று அழைக்கிறார்கள். நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டான சொல் அது. நமக்குப் பழக்கமான இரைப்பைப் புற்றுநோயும் பெருங்குடல் புற்றுநோயும் உட்புறச் சவ்வில் தொடங்குகின்றன. ஜிஸ்ட் அப்படியன்று. சவ்வுக்குக் கீழே, இரைப்பை அல்லது குடலின் சுவருக்குள்ளேயே முளைக்கிறது. 10 லட்சம் மக்களில் ஆண்டுக்கு 10 முதல் 15 பேருக்குத்தான் வருகிறது. இவற்றில் 100க்கு ஏறத்தாழ 60 இரைப்பையிலும் 30 சிறுகுடலிலும் தோன்றுகின்றன. மலக்குடலில் வருவது குறைவு. உணவுக்குழாயில் வருவது மிக மிக அரிது.

வியன்னாவில் பிடித்த கத்தி

வயிற்றைத் திறந்து கட்டியை எடுக்கும் துணிவு மருத்துவர்களுக்கு எப்போது வந்தது? 1846இல் மயக்க மருந்து பொதுமக்கள் முன்னிலையில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. 1867இல் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். இந்த இரண்டும் இல்லாமல் வயிற்றைத் திறப்பது கொலைக்குச் சமம். இரண்டும் வந்த பிறகும் வெற்றி எளிதில் கிட்டவில்லை. 1879இல் பாரிசில் பெயான் என்ற மருத்துவரும், 1880இல் ரிடிகியர் என்ற போலந்து மருத்துவரும் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இரண்டு நோயாளிகளுமே பிழைக்கவில்லை.

1881 ஜனவரி 29ஆம் நாள் வியன்னாவில் தியோடர் பில்ரோத் அந்த அறுவை சிகிச்சையில் வெற்றி கண்டார். 43 வயதுப் பெண்மணி ஒருவருக்கு இரைப்பையின் கீழ்வாயை அடைத்துக்கொண்டிருந்த புற்றுக்கட்டியை எடுத்துவிட்டு, எஞ்சிய இரைப்பையைச் சிறுகுடலோடு தைத்தார். அம்மையார் எழுந்து உட்கார்ந்தார், உணவு உண்டார், வீடு திரும்பினார். மருத்துவ உலகமே கொண்டாடியது. அடுத்த நான்கு மாதங்களில் நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோனது.

அவருக்கு இருந்தது வழக்கமான இரைப்பைப் புற்றுநோய். நம் கதையின் ஜிஸ்ட் அன்று. ஆனாலும், அன்று கற்ற பாடம் எல்லா வயிற்றுக் கட்டிகளுக்கும் பொருந்தும். அறுவை சிகிச்சை வெற்றி என்பது வேறு, நோய் தீர்ந்தது என்பது வேறு. கத்தியின் வெற்றியை அந்த வாரமே தெரிந்துகொள்ளலாம். நோய் தீர்ந்ததா என்பதைக் காலம்தான் சொல்லும்.

தவறிப்போன பெயர்

அறுவை சிகிச்சை பெருகப் பெருக, வெட்டி எடுத்த கட்டிகள் நுண்ணோக்கியின் அடியில் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில விநோதமாக இருந்தன. புற்றணுக்கள் வழக்கமான வடிவில் இல்லாமல், நூல் சுற்றும் கதிர்போல் நீண்டு, கற்றை கற்றையாகக் கிடந்தன. குடலின் சுவரில் மென்தசை இருக்கிறது. உணவைத் தள்ளிக்கொண்டு போவது அந்தத் தசைதான். இந்தக் கட்டிகளும் சுவரிலிருந்தே வந்தன. பார்வைக்கும் மென்தசை போலவே தெரிந்தன. ஆகவே, இவை மென்தசைக் கட்டிகள் என்று முடிவு கட்டினார்கள்.

1941இல் நியூயார்க்கைச் சேர்ந்த கோல்டன், ஆர்தர் பர்டி ஸ்டவுட் ஆகிய இருவரும் செரிமானப் பாதையின் மென்தசைக் கட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்டவுட் அக்காலத்தில் கட்டி நோயியலில் பெரிய மனிதர். அவர் சொன்னால் மறுபேச்சில்லை. 1962இல் அவரே இரைப்பையில் வரும் விசித்திர மென்தசைக் கட்டிகள் என்று இன்னொரு வகையையும் விவரித்தார். பாடநூல்களில் இந்தப் பெயர்கள் ஏறின. உலகம் முழுவதும் மருத்துவமனை அறிக்கைகளில் ‘மென்தசைக் கட்டி’, ‘மென்தசைப் புற்று’ என்றே எழுதப்பட்டது.

தொலைக்காட்சியில் ஒருவர் பெயரைத் தவறாகப் போட்டால் மறுநாள் திருத்தம் சொல்லிவிடலாம். மருத்துவத்தில் பெயர் தவறினால் என்ன ஆகும்? மென்தசைப் புற்று என்று பெயர் வைத்ததால், மற்றத் தசைப் புற்றுகளுக்குத் தரும் கீமோதெரபி மருந்துகளையே இதற்கும் கொடுத்தார்கள். தலைமுடி கொட்டியது, வாந்தி வந்தது, இரத்த அணுக்கள் குறைந்தன. கட்டி மட்டும் குறையவில்லை. 10 நோயாளிகளில் ஒருவருக்குக்கூடப் பலன் கிட்டுவது அரிதாக இருந்தது. கதிர்வீச்சும் கைகொடுக்கவில்லை.

எனவே, அறுவை சிகிச்சையை மட்டுமே நம்பி மருத்துவர்கள் காலம் தள்ளினார்கள். அதன் கணக்கு என்ன? 2000ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம், தான் பார்த்த 200 ஜிஸ்ட் நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. முதன்முறை தோன்றிய கட்டியை முழுவதுமாக அகற்ற முடிந்தவர்கள் 80 பேர். அவர்களிலும், இந்த நோய்க்குப் பலியாகாமல் 5 ஆண்டுகளைக் கடந்தவர்கள் 54 விழுக்காட்டினர். உலகின் தலைசிறந்த அறுவை மருத்துவர்கள் கட்டியை முழுவதும் எடுத்த பிறகும் நிலைமை இப்படி. கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவிவிட்டால், பெரும்பாலோருக்கு ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுதான்.

சந்தேகம் எழுந்தது

இடையில் சிலருக்குச் சந்தேகம் எழுந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபோது, இந்தக் கட்டிகளில் மென்தசைக்குரிய அடையாளங்கள் பலவற்றில் தென்படவில்லை. சாயமேற்றிப் பார்க்கும் புதிய சோதனைகளும் தசை என்று உறுதி செய்யவில்லை. 1983இல் மசூர், கிளார்க் ஆகிய இரு அமெரிக்க நோயியல் வல்லுநர்கள் ஒரு நேர்மையான காரியம் செய்தார்கள். இது தசை என்றும் சொல்ல வேண்டாம், நரம்பு என்றும் சொல்ல வேண்டாம், ‘தாங்குதிசுக் கட்டி’ என்று பொதுவாக அழைப்போம் என்றார்கள். ‘எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது’ என்பதைக் கௌரவமாகச் சொல்லும் பெயர் அது. ஆனால், தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்த இடத்தில்தான் கதவு திறந்தது.

ஓசாகாவில் கிடைத்த விடை

இங்கே ஒரு பழைய மனிதரை நினைவுகூர வேண்டும். ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ காஜல், நரம்பு மண்டல ஆய்வுக்காக 1906இல் நோபல் பரிசு பெற்றவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் குடல் சுவரில் ஒரு வகைச் சிறு அணுக்களைக் கண்டு வரைந்து வைத்தார். பின்னாளில் அவை ‘காஜல் அணுக்கள்’ என்று பெயர் பெற்றன. அவற்றின் வேலை என்ன என்பது அப்போது தெளிவாகவில்லை. வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. இதயத் துடிப்புக்குத் தாளம் போட ஓர் இடம் இருப்பதுபோல, குடலின் அசைவுக்குத் தாளம் போடுவது இந்த அணுக்கள்தாம்.

1990களில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ‘கிட்’ என்ற புரதம் சரிவர வேலை செய்யாத எலிகளின் சிறுகுடலில் காஜல் அணுக்கள் ஒழுங்காக உருவாவதில்லை. ஆக, அந்த அணுக்களுக்குக் கிட் புரதம் இன்றியமையாதது.

ஜப்பானின் ஓசாகாவில் யுகிஹிகோ கித்தாமுரா தலைமையிலான குழு கிட் புரதத்தை நீண்ட காலமாக ஆராய்ந்துகொண்டிருந்தது. சீய்ச்சி ஹிரோத்தாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கேட்ட கேள்வி எளிமையானது. கிட் புரதம் இல்லாவிட்டால் காஜல் அணுக்கள் இல்லை என்றால், அது மிஞ்சிப் போனால் என்ன ஆகும்? 1998 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் விடை வெளிவந்தது. ஜிஸ்ட் கட்டிகளில் கிட் புரதம் நிறைந்திருந்தது. அது மட்டுமன்று, அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் பிழையும் இருந்தது.

அந்தப் பிழை என்ன செய்கிறது? வீட்டு வாசலில் அழைப்பு மணியின் பொத்தான் இருக்கிறது. யாராவது அழுத்தினால்தான் மணி அடிக்கும். பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால்? வாசலில் ஆள் இல்லாவிட்டாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கிட் புரதம் அணுவின் மேற்பரப்பில் இருக்கும் அத்தகைய பொத்தான். வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால்தான் அணு பெருக வேண்டும். மரபணுப் பிழையால் பொத்தான் சிக்கிக்கொண்டால், ‘பெருகு, பெருகு’ என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கட்டி வளர்கிறது.

அதே 1998இல் வேறோர் ஆய்வுக் குழுவும் இந்தக் கட்டிகள் காஜல் அணுக்களின் இனத்தைச் சேர்ந்தவை என்று காட்டியது. தசையன்று, காஜல் அணுவின் உறவு என்று முடிவாயிற்று. கிட் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் சோதனை பரவியதும், பழைய மென்தசைக் கட்டிகளில் பெரும்பாலானவை உண்மையில் ஜிஸ்ட் என்று தெரியவந்தது. அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய மாதிரிகளை எடுத்து மறுபடியும் பார்த்து, அவற்றுக்குச் சரியான பெயர் சூட்டினார்கள்.

ஃபின்லாந்துப் பெண்மணி

பெயர் கிடைத்தாயிற்று. மருந்து? அது வேறு நோய்க்காக ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு மருந்து நிறுவனம் இமாட்டினிப் என்ற மருந்தை உருவாக்கியிருந்தது. நீண்டகால இரத்தப் புற்றுநோய் ஒன்றில், அணுக்களைத் தூண்டும் ஒரு புரதத்தை அடக்குவதற்காகச் செய்த மருந்து அது. அமெரிக்காவின் ஓரிகனில் பிரையன் டிரக்கர் 1998இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அந்த மருந்து கிட் புரதத்தையும் அடக்கும் என்பது சோதனைக்கூடத்தில் தெரிந்தது. ஒரு பூட்டுக்குச் செய்த சாவி இன்னொரு பூட்டிலும் நுழைந்தது.

1996 அக்டோபரில் ஃபின்லாந்தில் 50 வயதுப் பெண்மணி ஒருவர் இலேசான வயிற்று வலியோடு மருத்துவரிடம் வந்தார். இரைப்பையிலிருந்து பெரிய கட்டிகள் அகற்றப்பட்டன. பிறகு நோய் கல்லீரலுக்குப் பரவியது. மறுபடியும் அறுவை சிகிச்சை, மறுபடியும் பரவல். கீமோதெரபி கொடுத்தார்கள், பயனில்லை. வேறு மருந்துகளும் தோற்றன. 2000 மார்ச்சில், ஹெல்சிங்கியில் மருத்துவர் ஹெய்க்கி யோவென்சு அவருக்கு இமாட்டினிப் கொடுக்கத் தொடங்கினார். ஜிஸ்ட் நோய்க்கு உலகிலேயே முதன்முதலாக அந்த மருந்தைப் பெற்றவர் அவர்தான். மருத்துவமனையில் படுக்கத் தேவையில்லை, ஊசி இல்லை. நாள்தோறும் 400 மில்லிகிராம் வாய்வழியாக உட்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரே மாதத்தில் கட்டிகளின் அளவு பாதிக்குமேல் குறைந்தது. எட்டு மாதங்களில் முக்கால் பங்கு குறைந்தது. 2001 ஏப்ரலில் இந்த ஒரே ஒரு நோயாளியின் கதையை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. ஒற்றை நோயாளியை வைத்து மருத்துவ உலகம் இவ்வளவு வியந்தது அரிது.

அடுத்து 147 பேரிடம் சோதனை நடந்தது. பாதிக்குமேல் பலருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. மேலும் நான்கில் ஒரு பங்கினருக்கு வளராமல் நின்றது. 2002 பிப்ரவரி 1ஆம் நாள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஜிஸ்ட் நோய்க்கு இமாட்டினிப்பை அங்கீகரித்தது. பரவிய நோயோடு ஒன்றரை ஆண்டைக் கடப்பதே அரிதாக இருந்த நிலை மாறி, அந்த 147 பேரில் பாதிப் பேர் நாலரை ஆண்டுகளைத் தாண்டினார்கள்.

அப்படியானால் கத்தி வேண்டாமா?

கருத்தரங்கில் நேயர்களுக்கு இயல்பாக எழுந்த கேள்வி இது. மாத்திரை இருக்கும்போது வயிற்றைக் கிழிப்பானேன்?

இல்லை, கத்தி இன்றும் தேவை. மாத்திரை கட்டியை அடக்கி வைக்கிறது. பெரும்பாலோருக்கு அடியோடு அழிப்பதில்லை. பரவாத கட்டியை முழுமையாக அகற்றுவதுதான் குணமடைய நம்பகமான வழி. ஆனால், பெயர் மாறியதால் அறுவை சிகிச்சையின் முறையும் மாறியது.

வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும். ஆகவே, இரைப்பையோடு சுற்றியுள்ள முடிச்சுகளையும் வாரி எடுக்க வேண்டும். ஜிஸ்ட் பெரும்பாலும் அவ்வாறு பரவுவதில்லை. எனவே, முடிச்சுகளைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிது நல்ல பகுதியையும் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தாலே பல நேரங்களில் போதும். இரைப்பை முழுவதையும் இழக்க வேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லை. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, இரைப்பை இல்லாமல் சிறிது சிறிதாக உண்டு வாழ்பவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டி மெல்லிய உறையோடு, பழுத்த பழம்போல் இருக்கும். அறுவை சிகிச்சையின்போது அது உடைந்துவிடக் கூடாது. உடைந்தால் அணுக்கள் வயிறு முழுவதும் சிந்தி, நோய் திரும்பி வரும் அபாயம் மிகப் பெரிதாகிவிடும். ஆகவேதான் கை தேர்ந்த மருத்துவர் தேவை. மலக்குடல் போன்ற இக்கட்டான இடங்களில் கட்டி பெரிதாக இருந்தால், முதலில் சில மாதங்கள் மாத்திரை கொடுத்துச் சுருங்க வைத்துப் பிறகு வெட்டுகிறார்கள். இதனால் சிலர் மலத்துக்கு வயிற்றில் பை மாட்டிக்கொள்ளும் நிலையிலிருந்து தப்புகிறார்கள்.

இனி, ‘எவ்வளவு காலம்?’ என்ற கேள்விக்கு வருவோம். ஜிஸ்ட் நோயில் இதற்கு ஒரே பதில் கிடையாது. கட்டியின் அளவு, பிளந்து பெருகும் அணுக்களின் எண்ணிக்கை, கட்டி இருக்கும் இடம், உடைந்ததா இல்லையா என்ற நான்கையும் பார்த்துத்தான் மருத்துவர் சொல்கிறார். 2006இல் மியெட்டினன், லசோட்டா ஆகிய இரு வல்லுநர்கள், மாத்திரை வருவதற்கு முன்பு அறுவை சிகிச்சை மட்டுமே பெற்றவர்களின் பதிவுகளைத் தொகுத்து ஓர் அட்டவணை தந்தார்கள். இரைப்பையில் 2 முதல் 5 சென்டிமீட்டர் கட்டி, அணுப் பிளவும் குறைவு என்றால், நோய் முற்றியவர்கள் 100க்கு 2 பேர்தான். அணுப் பிளவு குறைவாக இருந்து, கட்டி மட்டும் 10 சென்டிமீட்டருக்கு மேல் என்றால், இரைப்பையில் 100க்கு 12 பேர். அதே கட்டி சிறுகுடலில் இருந்தால் 52 பேர். 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்து, அணுப் பிளவும் மிகுந்திருந்தால், இரைப்பையில் 86 பேர், சிறுகுடலில் 90 பேர்.

இந்த எண்களை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். ஒரே பெயர் கொண்ட நோய். 100க்கு 2 என்பதும் 100க்கு 90 என்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அப்படியிருக்க, ‘எங்கள் உறவினருக்கும் இதே வயிற்றுக் கட்டிதான், ஆறு மாதத்தில் போய்விட்டார்’ என்று நோயாளியின் கட்டிலருகே நின்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

நிறுத்தியவர்கள் கதி

கட்டியை எடுத்த பிறகும் சிலருக்கு மாத்திரை தேவைப்படுகிறது. எத்தனை நாளைக்கு? நோய் திரும்பும் அபாயம் மிகுந்த 400 பேரிடம் ஐரோப்பாவில் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு ஓராண்டு, பாதிப் பேருக்கு மூன்றாண்டு. 2012இல் முடிவு வந்தது. 5 ஆண்டுகள் கழித்து, ஓராண்டு உண்டவர்களில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். மூன்றாண்டு உண்டவர்களில் 92 விழுக்காட்டினர். 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது 65க்கு 79 என்று இருந்தது. இன்றைக்கு, அபாயம் மிகுந்தவர்களுக்குக் குறைந்தது மூன்றாண்டு என்பது நடைமுறையாகிவிட்டது.

நோய் பரவியவர்கள் நிலை வேறு. ஃபிரான்சில் ஓராண்டு மாத்திரை உண்டு நன்றாக இருந்தவர்களில் 32 பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 26 பேருக்குத் தொடர்ந்து கொடுத்தார்கள். 2007இல் வெளியான அந்த முடிவின்படி, நிறுத்தியவர்களில் 26 பேருக்கு நோய் மறுபடி வளர்ந்தது. தொடர்ந்தவர்களில் 8 பேருக்கு மட்டுமே வளர்ந்தது. உடம்பு தேறியதும் ‘இனி எதற்கு இந்த மாத்திரை’ என்று தூக்கிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் கணக்கை அவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

காலப்போக்கில் கட்டி இந்த மருந்துக்குப் பழகிவிடுவதும் உண்டு. அதற்காக சுனிட்டினிப் 2006இலும், ரெகோரஃபெனிப் 2013இலும், ரிப்ரெட்டினிப் 2020இலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. கிட் அல்லாமல் வேறொரு மரபணுவில் குறிப்பிட்ட பிழை உள்ளவர்களுக்கு இமாட்டினிப் வேலை செய்யாது. அவர்களுக்கென அவப்ரிட்டினிப் 2020இல் வந்தது. ஆகவே, இன்று ஜிஸ்ட் என்ற பெயர் மட்டும் போதாது. எந்த மரபணுவில், எந்த இடத்தில் பிழை என்றும் கேட்கிறார்கள். பெயருக்குள் பெயர்!

சென்னையில் நடந்த வழக்கு

மருந்து கிடைத்தால் மட்டும் போதுமா? வாங்க வேண்டாமா? இந்த வரலாற்றில் நம் தமிழ் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு.

நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் இமாட்டினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்திற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. நிறுவனத்தின் மருந்து இந்தியாவில் அப்போது மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து மாதத்திற்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. காப்புரிமை கிடைத்தால் அந்த மலிவு மருந்து நின்றுபோகும். புற்றுநோயாளிகளுக்கு உதவும் மும்பைச் சங்கம் ஒன்றும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புதிய வடிவத்திற்கு, அதன் குணமாக்கும் ஆற்றல் கூடியிருந்தால் ஒழியக் காப்புரிமை இல்லை என்பது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் வழக்கு தள்ளுபடி ஆனது. இறுதியில் 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை நிராகரித்தது. தங்கள் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு உதவித் திட்டத்தின் வழி மருந்தை இலவசமாகவே தருகிறோம் என்பது நிறுவனத்தின் வாதம். புதிய மருந்தைக் கண்டுபிடிக்கப் பெரும் பணம் செலவாகிறது என்பதும் உண்மையே. ஆனால், வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்து கொடையாளரின் தயவில் மட்டும் நிற்கலாமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

நாம் கேட்க வேண்டியது

வாசகர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன?

நம்மவர்களுக்கு வயிற்றில் எது வந்தாலும் ‘காஸ்ட்ரிக்’ என்று ஒரே பெயர்தான். கடையில் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறோம். காரணமில்லாத சோகை, கறுத்த மலம், சிறிது உண்டாலே வயிறு நிறைந்த உணர்வு, கையில் தட்டுப்படும் கட்டி, இவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோபி செய்து ‘சவ்வு நன்றாக இருக்கிறது’ என்று வந்தால்கூட, வீக்கம் தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். ஜிஸ்ட் சவ்வுக்குக் கீழே ஒளிந்திருப்பது. மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த சதையில் அது அகப்படாமல் போகலாம். சவ்வுக்குக் கீழே பார்க்க, உள்ளிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்டு சோதனை இருக்கிறது.

கட்டி என்று தெரிந்துவிட்டால், நோயியல் அறிக்கையின் படியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டியின் பெயர் என்ன, அளவு என்ன, அணுப் பிளவு எத்தனை, கிட் சோதனை செய்தார்களா, மரபணுச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அன்று. நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு சொல்வார். அரிய நோய் என்பதால், அதை அடிக்கடி பார்க்கும் பெரிய மையத்தில் இரண்டாவது கருத்தும் கேட்கலாம்.

இன்னொன்று. நம் குடும்பங்களில், நோயின் பெயரை நோயாளிக்கே சொல்லாமல் மறைப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். மூன்றாண்டோ அதற்கு மேலோ நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டியவர், எதற்காக உண்கிறோம் என்று தெரியாமல் எப்படி விடாமல் உண்பார்? ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க எப்படி மனமுவந்து போவார்? மருத்துவ உலகம் 60 ஆண்டுகள் பாடுபட்டு இந்தக் கட்டிக்குச் சரியான பெயரைக் கண்டுபிடித்தது. அதை உரியவரிடமிருந்தே நாம் ஒளித்து வைக்கலாமா?

ஆகவே, ‘ஆபரேஷன் செய்ய முடியுமா’ என்றும் கேளுங்கள், ‘எவ்வளவு காலம்’ என்றும் கேளுங்கள். அதற்கு முன்பு கட்டியின் பெயரைக் கேளுங்கள். கேட்டு, அதை நோயாளியிடமும் சொல்லுங்கள்.